தவிட்டுக்காரருக்கு அடுத்த தாய்மாமன்

பூபதிக்கு மெயில் அனுப்பத் தெரியும். அது போய்ச் சேரும் என்று நம்பத்தான் தெரியாது. அனுப்பிய கையோடு போனை எடுத்துவிடுவார்.

"மெயில் வந்துச்சுங்களா?"

"வந்துச்சுங்க."

"பிரிச்சுப் பாத்தீங்களா?"

"இனித்தானுங்க பாக்கோணும்."

"அதுல என்ன எளுதியிருக்கறேன்னா..." என்று ஆரம்பித்து, வணக்கத்திலிருந்து 'இப்படிக்கு' வரை ஒரு வரி விடாமல் வாசித்துக் காட்டுவார். அதற்குப் பிறகு எதிர்முனையில் இருப்பவர் மெயிலைத் திறக்க வேண்டிய தேவையே இல்லை. திறக்கவும் மாட்டார்.

சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹேச்சரியில் அவர் ஆபீஸ் வேலை பார்க்கிறார். முட்டைகளைப் பெரிய எந்திரத்துக்குள் அடுக்கிக் குஞ்சு பொரிக்க வைக்கிற இடம் அது. புதன்கிழமை பொரிப்பு முடியும். வியாழன் விடியலில் குஞ்சுகள் பெட்டியேறி, வண்டியேறி, நாமக்கல் மோகனூர் பக்கத்துப் பண்ணைகளுக்குப் போகும். எந்தப் பண்ணைக்கு எந்த வண்டி, எத்தனை பெட்டி, என்ன தடுப்பூசி போட்டாயிற்று என்று முதல் நாள் மெயில் போடுவது பூபதியின் பொறுப்பு. பண்ணைக்காரர் அதைப் பார்த்துவிட்டுக் கொட்டகையைக் கழுவி, உமி பரப்பி, தண்ணீர் வைத்துத் தயாராக நிற்க வேண்டும். ஒரு நாள் குஞ்சும் பிறந்த குழந்தையும் ஒன்றுதான். வந்து இறங்கியதும் இடம், தண்ணீர், தீனி, சீரான சூடு எல்லாம் இருக்க வேண்டும். கொஞ்சம் பொறு, கொட்டகையைக் கூட்டிவிட்டு வருகிறேன் என்று அதனிடம் சொல்ல முடியாது.

பூபதிக்கு ஐம்பத்தெட்டு வயது. சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறார், ஊறுகாயும் சாப்பிடுகிறார். இளவயதில் லாரி புக்கிங் ஆபீஸில் இருந்தவர். அங்கே எல்லாம் வாய்ப்பேச்சு. பேசியே லோடு ஏற்றி, பேசியே இறக்கி, பேசியே டிரைவரின் கோபத்தைத் தணித்தவர். அந்தப் பழக்கத்தைத்தான் மெயிலுக்கும் கொண்டுவந்தார்.

ஹேச்சரியின் பெரியவர் ஓய்வெடுத்துக்கொண்டு மகன் சந்தோஷ்குமார் பொறுப்புக்கு வந்ததும் அதற்கு முடிவு வந்தது.

"அண்ணா, மெயில் போட்டா மெயில்தானுங்க. அப்பறம் எதுக்கு போனு?" என்றார் சந்தோஷ்குமார். "போன்ல நீங்க ஒண்ணு சொல்றீங்க, அவிங்களுக்கு ஒண்ணு காதுல உளுகுது. வியாளன்னு சொன்னா வெள்ளின்னு நிக்கறாங்க. ஆந்திராக்காரங்களுக்குப் போன்ல தெலுங்கு பேசுவீங்களா?"

"ஒரு வார்த்த கேட்டுக்கறதுல என்ன சாமி?"

"ஒரு வார்த்தயா? நேத்து ஒருத்தருகிட்ட மத்தியானச் சாப்பாட்டு வரைக்கும் பேசிட்டிருந்தீங்க."

போன் நின்றது. பூபதி மெயிலை அனுப்பிவிட்டு, கை என்ன செய்வதென்று தெரியாமல் பேனாவைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். ஆனாலும் மெயில் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. அவர் மகள் சௌந்தர்யாவுக்குக் கல்யாணம் கூடும்வரை.

வைகாசியில் முகூர்த்தம். பத்திரிகை அச்சாகி வந்தது. இந்தப் பக்கம் கல்யாணத்துக்கு அழைப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் குலதெய்வம். அடுத்து பெண்ணின் தாய்மாமன். கணவனும் மனைவியுமாக, தட்டில் தேங்காய் வெற்றிலை பாக்கு வைத்து, நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகையோடு படியேறிப் போக வேண்டும். அதற்கப்புறம் பங்காளிகள், மாமன் மச்சான்கள், வரிசைப்படி. போன வீட்டில் ஏதாவது ஒரு வாய் சாப்பிட வேண்டும். யார் வீட்டுக்கு யாருக்கு முன்னால் போனார்கள் என்பது மூன்று தலைமுறைக்கு ஞாபகம் இருக்கும்.

இதெல்லாம் பூபதிக்குத் தெரியாததல்ல. நேரில் போய் அழைக்கத்தான் போகிறோம், அதற்கு முன்னால் தேதியைத் தகவலாகச் சொல்லிவைத்தால் அந்த நாளில் யாரும் வேறு வேலை வைத்துக்கொள்ள மாட்டார்களே என்று யோசித்தார். நல்ல யோசனைதான். ஆனால் அதைச் செய்த விதம் இருக்கிறதே! சொந்தக்காரர்களில் பாதிப் பேர் கோழிப்பண்ணைக்காரர்கள். அவர்கள் முகவரியெல்லாம், தவிடு, தடுப்பூசி விற்பவர்கள் முகவரியோடு சேர்ந்து, ஹேச்சரி கம்ப்யூட்டரில் 'பண்ணைகள் அனைத்தும்' என்ற பெயரில் ஏற்கெனவே இருந்தது. பூபதி பத்திரிகையைப் படம் பிடித்து இணைத்து, 'பண்ணைகள் அனைத்தும்' என்பதை அமுக்கி, ஒரே தட்டில் அனுப்பிவிட்டார்.

மெயிலின் தலையில் அத்தனை பேர் முகவரியும் வரிசையாகத் தெரிந்தது. கம்ப்யூட்டருக்கு மாமனும் தெரியாது மச்சானும் தெரியாது. ஆங்கில எழுத்து வரிசைதான் தெரியும். அந்த வரிசையில் சௌந்தர்யாவின் தாய்மாமன் நாச்சிமுத்து எங்கே இருந்தார்? 'எம்' எழுத்து முடிந்து 'என்' எழுத்து தொடங்குகிற இடத்தில், மோகனூர் தவிட்டு மண்டிக்காரருக்கு அடுத்தபடி.

நாச்சிமுத்துவுக்கு எருமப்பட்டிப் பக்கம் பெரிய பண்ணை. மெயிலைத் திறந்தவர் பத்திரிகையைப் பார்க்கவில்லை. விரலை வைத்துப் பெயர்களை மேலிருந்து கீழே எண்ணிக்கொண்டு வந்தார். தன் பெயரைக் கண்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். தவிட்டு மண்டி அங்கேயேதான் இருந்தது.

"தமிழினி, இங்க வா கண்ணு. இதயத் திருப்பி அனுப்பறதுக்கு வளி இருக்குதா?"

கல்லூரியில் படிக்கிற மகள் தமிழினி எட்டிப் பார்த்தாள். "திருப்பி அனுப்ப முடியாதுப்பா. வேணும்னா ஸ்பேம்னு போடலாம்."

"அப்படின்னா?"

"இந்த மாதிரி மெயில் எனக்கு வேண்டாம், குப்பைன்னு சொல்றது. இந்தா, இந்தப் பொத்தான்."

"அவருக்குத் தெரியுமா?"

"அவருக்குத் தெரியாதுப்பா. ஆனா கூகுளுக்குத் தெரியும்."

"தெரியட்டும்" என்று சொல்லி நாச்சிமுத்து அமுக்கினார். வாசலுக்கு வந்த தட்டைத் தொடாமல் திருப்பி அனுப்பிய நிம்மதி அவருக்குக் கிடைத்தது. அதோடு விட்டிருக்கலாம். பூபதி வீட்டாரைச் சேர்க்காத சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழு ஒன்றில் பொத்தானின் படத்தைப் போட்டு, "நான் அமுக்கிட்டேனுங்க. மானமுள்ளவங்க யோசிச்சுக்கங்க" என்று ஒரு வரி எழுதினார்.

தாய்மாமனே அமுக்கிவிட்டார் என்றால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? பங்காளிகள் அமுக்கினார்கள். பெரியப்பா மக்கள் அமுக்கினார்கள். பத்திரிகையைப் பார்க்காதவர்களும் தேடி எடுத்து அமுக்கினார்கள். பொழுது சாய்வதற்குள் அந்த வட்டாரத்தில் சௌந்தர்யாவின் கல்யாணம் முழுவதும் குப்பைக்குப் போய்ச் சேர்ந்தது. அழைப்புக்குப் பதில் போட்டவர் ஒரே ஒருத்தர்: ஹைதராபாத்தில் கோழித் தடுப்பூசி விற்கிற ராவ். கட்டாயம் வருகிறேன், இரயில் நிலையத்திலிருந்து மண்டபம் எவ்வளவு தூரம் என்று கேட்டிருந்தார்.

பூபதிக்கு இதில் ராவ் பதில் மட்டும்தான் தெரியும். 'ஒருத்தராவது மரியாதை தெரிந்தவர்' என்று நினைத்துக்கொண்டு, புதன்கிழமை வழக்கம்போலக் குஞ்சு மெயிலை அனுப்பினார். போன் போடவில்லை. முதலாளி சொல்லியிருக்கிறாரே.

வியாழன் காலை வேன் டிரைவர் பெரியசாமி நாச்சிமுத்துவின் பண்ணை வாசலில் நின்றுகொண்டு கூப்பிட்டார்.

"ஏனுங்க பூபதியண்ணா, இங்க கொட்டாயே கழுவலீங்க. குஞ்சு வாரதா தாக்கலே இல்லைங்கறாரு."

"மெயில் போட்டனே!"

"அதத்தானுங்க நானும் சொன்னேன். 'அவரு போடுவாருங்க, நம்மளுக்கு எப்பவும் கடைசியாத்தான் வருமுங்க, இன்னும் வந்து சேரலீங்க'ங்கறாரு. நெம்ப மரியாதயாச் சொல்றாருங்க. எனக்குப் பயமா இருக்குது."

கொங்குக்காரர் கோபத்தில் இருக்கிறார் என்பதை 'ங்க'வை எண்ணித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பூபதி எண்ணிப் பார்த்தார்.

அடுத்த பண்ணையில் கொட்டகை நிறைய நிலக்கடலை காய்ந்துகொண்டிருந்தது. அதற்கடுத்த பண்ணை பூட்டிக் கிடந்தது. குடும்பத்தோடு பழநிக்குப் போயிருந்தார்கள். ஒவ்வொரு வேனாகத் திரும்பி வந்தது. பெட்டிகளை இறக்கிவைக்கக் காற்றோட்டமான இடம் ஆபீஸ் ஒன்றுதான். சித்திரை வெயிலில் குஞ்சுகளுக்குத் தேவையான சூடு இலவசமாகக் கிடைத்தது, ஆட்களுக்குத்தான் தாங்கவில்லை. மின்விசிறிகள் எல்லாம் பெட்டிகள் பக்கம் திருப்பப்பட்டன. தட்டு தட்டாகத் தண்ணீர் வைத்தார்கள். ஒரு பெட்டி சாய்ந்து, நூறு குஞ்சுகள் மேசைகளுக்கு அடியில் பரவின. ஒன்று பிரிண்டருக்குள் உட்கார்ந்துகொண்டது. ஒன்றைப் பூபதி பிடித்து, வேறு இடம் தோன்றாமல், சட்டைப் பையில் இரண்டு பேனாவுக்கு நடுவில் வைத்துக்கொண்டு போன் மேல் போன் போட்டார். இப்போது போனுக்குத் தடையில்லை.

"என்னுங்க பூபதி, பொறகால ஒரே கீச்சுக் கீச்சுன்னு?"

"உங்க குஞ்சுதானுங்க. எப்ப வருவீங்கன்னு கேக்குதுங்க."

மாலைக்குள் கொட்டகைகளைக் கழுவ வைத்து, எல்லாவற்றையும் கொண்டுபோய் இறக்கினார்கள். உயிர்ச் சேதம் இல்லை. சந்தோஷ்குமாரின் லேப்டாப் மட்டும் கழுவ முடியாத நிலையில் இருந்தது.

சந்தோஷ்குமார் அதைத் துணியால் துடைத்துக்கொண்டே பேசினார். "அண்ணா, அடுத்த பொதங்கெளம மெயில் எல்லாப் பண்ணைக்கும் போய்ச் சேரோணும். 'வந்தது'ன்னு எல்லாரும் மெயில்லயே பதில் போடோணும். இல்லைன்னா நீங்க கல்யாண ஊட்டு வேலயவே முளுநேரமாப் பாத்துக்கலாமுங்க. இங்க வர வேண்டியதில்லை."

அவர் சொன்னதில் இருந்த 'ங்க'வையும் பூபதி கவனித்தார். மகளுக்குக் கல்யாணம், வேலை போனால் சம்பந்தி வீட்டில் என்ன சொல்வது? மாத்திரையைத் தேடினார். பையில் குஞ்சுதான் இருந்தது.

சேலத்திலிருந்து சிவபிரகாஷ் என்ற கம்ப்யூட்டர்காரரை வரவழைத்தார்கள். அவர் கொஞ்ச நேரம் திரையைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"சார், உங்க மெயிலை நீங்கதான் அனுப்புறீங்கன்னு உறுதி சொல்ற அமைப்பே இங்க சரியா இல்ல. அதை நான் இப்பவே போட்டுடுறேன். ஆனா அது பாதிதான். மீதி உங்க ஆளுங்க கையில இருக்கு. நிறைய பேர் ஸ்பேம்னு அமுக்கியிருக்காங்க."

"அமுக்கறதா? யாரு?"

"அது தெரியாது சார். பெரியாஸ்பத்திரி கேட்டுல காவலாளி நிப்பாரு இல்லையா? அந்த மாதிரிதான் இது. வார்டுக்குள்ள இருக்கறவங்க நாலு பேர் 'இந்த ஆளை விடாதீங்க'ன்னு சொல்லிட்டா, அப்புறம் நீங்க கஞ்சி கொண்டுபோனாலும் விடமாட்டாரு. அவருகிட்ட நீங்க பேசிப் புண்ணியமில்ல. உள்ள இருக்கறவங்க சொல்லணும், 'இவர் நம்ம ஆளு, விடுங்க'ன்னு. அவங்கவங்க ஸ்பேம் பெட்டியைத் திறந்து, 'இது ஸ்பேம் இல்லை'ன்னு அமுக்கணும். ஒரு பதிலும் போட்டா இன்னும் நல்லது."

பூபதிக்குப் புரிந்தது. உடனே ஒரு மெயில் எழுதினார். "தயவுசெய்து ஸ்பேம் பெட்டியைத் திறந்து, 'இது ஸ்பேம் இல்லை' என்று அமுக்கவும்" என்று சிவப்பு எழுத்தில், பதினைந்து ஆச்சரியக்குறி போட்டு, 'பண்ணைகள் அனைத்தும்' முகவரிக்கு அனுப்பினார்.

அது நேராக ஸ்பேம் பெட்டிக்குப் போயிற்று. ராவ் மட்டும் பதில் போட்டார்: மண்டபத்தில் தங்க அறை உண்டா?

வீட்டில் மனைவி மஞ்சுளாவுக்கு விஷயம் அதற்குள் வந்துவிட்டது. அண்ணன் மகள் தமிழினிதான் போனில் சொன்னாள். மஞ்சுளா கணவனை உட்காரக்கூட விடவில்லை.

"ஏனுங்க, எங்கண்ணனுக்கு மெயில்லயா பத்திரிக வெச்சீங்க?"

"தகவலுக்குத்தான் புள்ள. நேர்ல போகோணும்னுதான் இருந்தேன்."

"மூலைக்கு மூலை மஞ்சத் தடவி அனுப்புனீங்களா? இல்ல, கம்ப்யூட்டருக்கு மட்டும் தடவுனீங்களா?"

பூபதி மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

"தவிட்டுக்காரருக்கு அடுத்து எங்கண்ணன். நல்லவேள, தவிட்டுக்கே அடுத்துப் போடாம உட்டீங்க. எந்திரிங்க. தட்டு எடுத்து வெக்கறேன். மொத ஊடு எங்கண்ணன் ஊடு."

நாச்சிமுத்து கார் நிறுத்துகிற இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இருவரும் தட்டோடு வருவதைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அதுவே மோசமான அறிகுறி.

"வாங்க, வாங்க. யாருங்க வேணும்?"

"மச்சான், பத்திரிக வெக்கலாமுன்னு..."

"எனக்குத்தான் வந்துருச்சுங்களே. தவிட்டுக்காரரு எடுத்துட்டு மிச்சத்த இந்தப் பக்கம் தள்ளி உட்டாருங்க. நெம்ப நல்லா இருந்துச்சுங்க."

"அது கம்ப்யூட்டரு போட்ட வரிசைங்க மச்சான்."

"கம்ப்யூட்டரு கட்டிக் குடுத்தாத்தான் என்னுங்க பொண்ண? அதயே தாய்மாமனா நிறுத்தி மால போடச் சொல்லிக்கங்க."

மஞ்சுளா குறுக்கே வந்தாள். "ஏனுங்ணா, தேங்காத் தட்டோட நின்னுட்டிருக்கறேன். கை நோவுது. அவரு பண்ணுனது தப்புத்தான். தட்ட வாங்குங்க. சாப்புட்டுட்டு மிச்சச் சண்டைய வெச்சுக்கலாம்."

"உன்ற மேல எனக்கு ஒண்ணுமில்ல அம்மிணி."

"அப்ப என்ற பங்குக்காவது பாதித் தட்ட வாங்குங்க."

நாச்சிமுத்து தட்டை வாங்கினார். பாதி வாங்குவதற்கு வழி இல்லாததால் முழுதாகவே வாங்கினார். சந்தகையும் தேங்காய்ப்பாலும் வந்தன. சாப்பிட்டு முடித்ததும் பூபதி மெதுவாக அடுத்த விஷயத்தை எடுத்தார். மெயில் பெட்டியைத் திறந்து ஒரு பொத்தானை அமுக்க வேண்டும் என்றார்.

"தட்டு வாங்குனது வேற, பொத்தான் வேறங்க மாப்ள. அமுக்குனது அமுக்குனதுதான்."

"பாக்கவாவது பாருங்க மச்சான். அதுல என்ன இருக்குதுன்னு."

தமிழினி போனை வாங்கி ஸ்பேம் பெட்டியைத் திறந்து அப்பாவிடம் நீட்டினாள். நாச்சிமுத்து அந்தப் பெட்டிக்குள் அதுவரை எட்டிப் பார்த்ததே இல்லை. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். வழுக்கையில் முடி முளைக்க எண்ணெய். முகம் தெரியாத ஒருவர் கோடிக்கணக்கில் எழுதிவைத்த சொத்து. மூலநோய்க்கு வலியில்லாத ஒரே தீர்வு. அதற்குக் கீழே, 'சௌந்தர்யா திருமண அழைப்பு'. அதற்குக் கீழே, ஆண்மைக் குறைவுக்கு லேகியம்.

நாச்சிமுத்துவின் முகம் சிவந்தது. 'ங்க' எல்லாம் பறந்துவிட்டது.

"அட கருமமே! என்ற தங்கச்சி மவ பேரு இந்த எடத்துலயா கெடக்குது? மூலநோவுக்கும் லேகியத்துக்கும் நடுவுலயா? எவன்டா கொண்டுபோயி அங்க போட்டது?"

"நீங்கதான்ப்பா" என்றாள் தமிழினி.

"எடு புள்ள வெளியில! வெசயா எடு! எதய அமுக்கோணும்?"

அமுக்கினார். ஒரு தடவை போதும் என்று தமிழினி சொல்லியும் கேட்காமல் எல்லா மெயிலுக்கும் அமுக்கப் போனவரைத் தடுத்து நிறுத்த வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் லேகியமும் உள்ளே வந்திருக்கும். பிறகு வாட்ஸ்அப் குழுவில் எழுதினார்: "கல்யாணப் பொண்ணு கெடக்கக் கூடாத எடத்துல கெடக்குது. எல்லாரும் உடனே எடுத்து வெளியில உடுங்க."

வேலை முடிந்தது என்று பூபதி நினைத்தார். குழுவில் பதில்கள் வந்தன.

"எடுக்கறமுங்க. ஆனா எங்க ஊட்டுக்கு இன்னும் யாரும் வரலீங்களே."

"மாமன் ஊட்டுக்குப் போன தட்டு எங்க ஊட்டுக்கு வளி தெரியாம நிக்குதுங்களா?"

ஆக, வீடு வீடாகப் போனார்கள். பத்திரிகை ஒரு கையில், பொத்தான் எங்கே இருக்கிறது என்று காட்ட இன்னொரு கையில் போன். ஒரு வீட்டில் ஒப்புட்டு, ஒரு வீட்டில் கச்சாயம், எல்லா வீட்டிலும் மோர். வேண்டாம் என்றால் அது புதிய சண்டை. மூன்றாம் நாள் பூபதி நடந்தால் வயிற்றுக்குள் மோர் தளும்புகிற சத்தம் மஞ்சுளாவுக்குக் கேட்டது. அமுக்காதவர்களும் அமுக்கியதாகச் சொன்னார்கள். அமுக்கியவர் வீட்டில் பூபதி அதிக நேரம் உட்கார்ந்து கெஞ்சுகிறார் என்ற செய்தி பரவியிருந்தது. செல்லியம்மாள் என்ற அத்தைக்கு மெயிலே கிடையாது. "நானும் அமுக்கிட்டேன் சாமி, என்ற கிட்டயும் கேளு" என்று அவர் விடாப்பிடியாக நின்றார். பூபதி அவரிடமும் கேட்டார். அத்தை பெருந்தன்மையாக மன்னித்து, டிவி ரிமோட்டை ஒரு அமுக்கு அமுக்கினார்.

எல்லா வீட்டிலும் கடைசியில் ஒரே கேள்வி. "இனிமே குஞ்சு மெயில் போட்டா எங்களுக்கு மொதல்ல போடுவீங்களா?"

"உங்களுக்குத்தானுங்க மொதல்ல" என்று பூபதி எல்லா வீட்டிலும் சொல்லியிருந்தார். மோர் குடித்தவர் வேறு என்ன சொல்ல முடியும்?

புதன்கிழமை காலை சிவபிரகாஷ் வந்ததும் பூபதி அவரைத் தனியாக அழைத்துப்போய் இந்த வாக்குறுதியைச் சொன்னார்.

"முகவரிகளை மறைச்சு அனுப்பிடலாம் சார். யாரு பேரும் யாருக்கும் தெரியாது."

"பேரே இல்லாத மெயிலா? வேண்டாமுங்க. மறுபடி அமுக்கிப் போடுவாங்க."

"அப்ப ஒருத்தருக்கு ஒண்ணா, தனித்தனியா அனுப்பலாம். அவங்கவங்க பேரு போட்டே போகும். எல்லாம் ஒரே நேரத்துல."

"ஒரே நேரத்துலயா? அப்ப யாருங்க மொதல்ல?"

"எல்லாருமே முதல்லதான் சார்."

பூபதி கம்ப்யூட்டரை முதல் முறையாகப் பாசத்தோடு பார்த்தார். உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் தலைப்பு எழுதினார். 'அன்புள்ள மச்சானுக்கு', 'அன்புள்ள பங்காளிக்கு', 'மதிப்புக்குரிய தவிட்டு மண்டி ஐயாவுக்கு'. மூன்று மணி வாக்கில் மெயில் போனது.

சந்தோஷ்குமார் புது லேப்டாப்போடு வந்து எதிரில் உட்கார்ந்தார். பதில் வரவில்லை. மூன்றரை ஆயிற்று. ராவ் பதில் போட்டார். இரயில் டிக்கெட் எடுத்தாயிற்றாம். வேறு யாரும் இல்லை. நாலு மணி. உள்ளே எந்திரத்தில் குஞ்சுகள் பொரித்து முடித்துக் கத்துகிற சத்தம் ஆபீஸ் வரை கேட்டது. பூபதி பேனாவைக் கழற்றினார், மாட்டினார். கை தானாகப் போன் பக்கம் போயிற்று. சந்தோஷ்குமார் இருமினார். கை திரும்பி வந்தது.

நாலரைக்கு வாசலில் ஒரு கார் வந்து நின்றது. நாச்சிமுத்து இறங்கினார்.

"மாப்ள, மெயில் வந்துச்சுங்க."

பூபதி எழுந்து நின்றார். "வந்துச்சுங்களா மச்சான்! பதில் போடலீங்களே?"

"நீங்க ஊடு தேடி வந்து சொன்னதுக்கு நான் போன்ல தட்டி உடறதா? நேர்ல வந்து சொல்றதுதானுங்க மொற."

பின்னாலேயே ஒரு புல்லட். அதற்குப் பின்னால் ஒரு கார். அப்புறம் ஒரு மினி லாரி. பங்காளிகள், பெரியப்பா மக்கள், ஒருத்தர் விடாமல் ஹேச்சரி வாசலில் இறங்கி, மெயில் வந்துவிட்டது என்று நேரில் தெரிவித்தார்கள். தவிட்டு மண்டிக்காரரும் வந்தார். அவர் எதற்கு வந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. எல்லாரும் போகிறார்கள் என்று வந்திருந்தார்.

சிவபிரகாஷ் தலையில் கை வைத்துக்கொண்டார். "சார், இது எந்திரத்துக்குத் தெரியாது. எல்லாரும் மெயில்லயே ஒரு வார்த்தை போடணும்."

எல்லாரையும் வாசலில் பெஞ்சு போட்டு உட்காரவைத்து, டீ கொடுத்து, பதில் போட வைத்தார்கள். போனும் கையுமாக அருகருகே உட்கார்ந்ததில் வினை வந்தது.

"என்ற மெயில் மூணு ரெண்டுக்கு வந்திருக்குதுங்க" என்றார் நாச்சிமுத்து பெருமையாக.

"எனக்கும் மூணு ரெண்டுதானுங்க" என்றார் பங்காளி ஒருத்தர்.

"எனக்கும்" என்றார் தவிட்டு மண்டிக்காரர்.

டீ கிளாஸ்கள் கீழே வைக்கப்பட்டன. நாச்சிமுத்து மெல்லத் திரும்பினார். "ஏனுங்க மாப்ள, எனக்குத்தான் மொதல்லன்னு சொன்னீங்களாட்ட இருக்குதுங்களே?"

சந்தோஷ்குமார் பூபதியைப் பார்த்தார். லாரி புக்கிங் ஆபீஸில் ஒரே லோடுக்கு மூன்று டிரைவர்களிடம் வாக்குக் கொடுத்துச் சமாளித்த பூபதி வெளியே வந்தார்.

"மச்சான், உங்க மெயில்ல என்ன போட்டிருக்குது?"

"அன்புள்ள மச்சானுக்குன்னு."

"மச்சானுங்கள்ல உங்களுக்கு முன்னாடி ஆரு? பங்காளி, உங்களுக்கு 'பங்காளிக்கு'ன்னு. பங்காளிங்கள்ல நீங்கதானுங்க மொதல். ஐயா, தவிடு விக்கறதுல உங்களுக்கு முன்னாடி இந்த ஜில்லாவுல ஆளு உண்டுங்களா?"

மூவரும் யோசித்தார்கள். யோசிக்க யோசிக்க அதில் குறை கண்டுபிடிக்க முடியவில்லை. டீ கிளாஸ்கள் மறுபடி மேலே எழுந்தன. பதில்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்து விழுந்தன. சந்தோஷ்குமார் பட்டியலோடு ஒத்துப் பார்த்து முடித்து, வண்டிகளுக்கு டீசல் போடச் சொன்னார். பிறகு பூபதியிடம் சொன்னார்: "அண்ணா, கல்யாணத்துக்கு நாலு நாள் லீவு எடுத்துக்கங்க. அஞ்சாவது நாள் வந்துடோணும். குஞ்சு இருக்குது."

வியாழன் காலை போன வேன்கள் எல்லாம் காலிப் பெட்டியோடு திரும்பின. பெரியசாமி, நாச்சிமுத்துவின் பண்ணையில் கொட்டகை கழுவி, உமி பரப்பி, வாசலில் மஞ்சள் தண்ணீர்கூடத் தெளித்து வைத்திருந்ததாகச் சொன்னார். பூபதி சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். இரண்டு பேனாவும் மாத்திரையும் மட்டுமே இருந்தன. கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம். ராவுக்கு ஓர் அறை சொல்லிவைக்க வேண்டும்.

அப்போது போன் அடித்தது. நாச்சிமுத்து.

"மாப்ள, குஞ்சு நல்லபடியா வந்துச்சுங்க. அதயும் ஒரு மெயிலாப் போட்டிருக்கறேன். வந்துச்சுங்களா?"

"வந்துச்சுங்க மச்சான்."

"பிரிச்சுப் பாத்தீங்களா?"

"இனித்தானுங்க பாக்கோணும்."

"அதுல என்ன எளுதியிருக்கறேன்னா..." என்று ஆரம்பித்தார் நாச்சிமுத்து.

பூபதி நாற்காலியை இழுத்துப் போட்டு, வசதியாக உட்கார்ந்துகொண்டார்.